உலகத்தை மலிவாக அழிப்பது எப்படி?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். கையில் லேப்டாப். அதற்குள் 2147-ஆம் வருடத்துச் சென்னை. தண்ணீர் கிடையாது, மரம் கிடையாது, கடல் மயிலாப்பூர் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, ஆட்சி ஒரு கம்பெனியின் கையில். ஓ.டி.டி.காரர்கள் எட்டு எபிசோடுக்குக் கதை கேட்டிருக்கிறார்களாம். "டிஸ்டோபியா மாமா. இப்ப அதுதான் போகுது" என்றான். சொல்லிக்கொண்டே என் மனைவி வைத்த கேசரியில் இரண்டாவது தட்டை முடித்தான். அவன் கதையில் அதே நேரம் ஒரு கிழவி ஒரு டம்ளர் தண்ணீருக்காகத் தன் கண்ணை விற்றுக்கொண்டிருந்தாள்.

கதை டிஸ்கஷன்களில் பல வருடம் உட்கார்ந்து, டீயும் வடையும் தின்று, டைட்டிலில் பெயர் வராமல் எழுந்து வந்தவன் என்ற உரிமையில் அவனுக்குச் சில யோசனைகள் சொன்னேன். இந்த ஊரில் இப்போது எத்தனையோ பிள்ளைகள் லேப்டாப்பில் உலகத்தை அழித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் வருடத்தைத் தள்ளிப் போடுங்கள்

இந்தத் தொழிலில் பெரியவர்கள் எல்லோரும் வழுக்கி விழுந்த இடம் இது. பக்கத்து வருடமாகப் பார்த்து உலகத்தை அழிப்பார்கள். அந்த வருடம் வந்துவிடும். உலகம் பாட்டுக்கு இருக்கும்.

'டெர்மினேட்டர்' படங்களில் இயந்திரங்கள் மனிதகுலத்தின் மேல் அணுகுண்டு போடும் நாள் 1997 ஆகஸ்ட் 29. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நம் ஊரில் அம்மன் கோயில்களில் கூட்டம், அவ்வளவுதான். ஆனால் அதே தேதியில்தான் கலிஃபோர்னியாவில் நெட்ஃப்ளிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். இயந்திரம் மனிதனை வீட்டை விட்டு நகரவிடாமல் செய்யப்போகும் நாள் எது என்பதில் ஜேம்ஸ் கேமரூன் தப்புச் செய்யவில்லை. எப்படி என்பதில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

1973-ல் வந்த 'சாய்லன்ட் கிரீன்' படத்தில் 2022-ஆம் வருடத்து நியூயார்க்கில் 4 கோடிப் பேர். சோறு இல்லாமல், செத்தவர்களையே பிஸ்கட்டாக்கித் தின்கிறார்கள். நிஜ 2022-ல் அந்த ஊரின் ஜனத்தொகை ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. பிஸ்கட்டும் பழைய பிஸ்கட்தான். நம் சுஜாதாவும் தப்பவில்லை. ஆனந்த விகடனில் அவர் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' 2021-ல் நடக்கிறது. ஜீவா என்கிற சர்வாதிகாரி, பிள்ளை பெற அரசாங்க அனுமதி, இரண்டெழுத்துக்கு மேல் போகாத பெயர்கள், புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். நிஜமான 2021-ல் நாம் முகக்கவசத்தோடு தடுப்பூசி வரிசையில் நின்றோம். தெருவில் நாய்கள் இருந்தன. எதுவும் படிக்கவில்லை.

எதிர்காலத்தில் கடைப் பெயர், கம்பெனிப் பெயர் எழுதும்போதும் கவனம். 1968-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பளபளவென்று ஒரு நல்ல எதிர்காலத்தைக் காட்டியது, அதில் விண்வெளிக்குப் போகும் கப்பலில் 'பான் ஆம்' என்ற விமானக் கம்பெனியின் சின்னம். 1982-ல் ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' இருட்டும் மழையுமாக ஒரு கெட்ட எதிர்காலத்தைக் காட்டியது. அதிலும் கட்டடத்தின் மேல் 'பான் ஆம்' விளக்குப் பலகை. மனிதனின் எதிர்காலம் பற்றி ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு படங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், பான் ஆம் இருக்கும் என்பது. அது 1991 டிசம்பரில் மூடப்பட்டது.

எனவே 'கல்கி' படக்காரர்களைப் பின்பற்றுங்கள். 2898 என்று போட்டுவிட்டார்கள். சரிபார்க்க ஆள் இருக்காது. மருமகன் 2147-ஐ அழித்துவிட்டு 2947 என்று அடித்தான். ஒரே விரல்தட்டலில் 800 வருடம் வாழ்ந்துவிட்டோம்.

இடம் பார்ப்பது

கெட்ட உலகத்துக்குச் செலவு குறைவு என்று தயாரிப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், முகம் மலரும். மூடிக்கிடக்கும் மில், பாதியில் நின்ற மேம்பாலம், கூரை போன கல்யாண மண்டபம். வாடகையும் சொற்பம். மீதியை, படத்தின் நிறத்தை மாற்றும் டி.ஐ.யில் பார்த்துக்கொள்ளலாம்: வெயில் என்றால் மஞ்சளைத் தூக்கு, சர்வாதிகாரம் என்றால் நீலத்தைத் தூக்கு. நல்ல எதிர்காலத்துக்கு இதெல்லாம் ஆகாது. சுத்தமான தெரு வேண்டும். அதை எங்கே போய்த் தேடுவது? 2015-ல் டிஸ்னி 'டுமாரோலேண்ட்' எடுத்தபோது எதிர்கால நகரத்துக்காக ஸ்பெயினின் வலென்சியா வரைக்கும் போய், அங்கே கலட்ராவா கட்டிய வெள்ளைவெளேர் கட்டடங்களில் கேமராவை வைக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. பாலைவனத்தை நம்பாதீர்கள். ஜார்ஜ் மில்லர் தன் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்துக்காக ஆஸ்திரேலியாவில் ப்ரோக்கன் ஹில் என்ற வறண்ட சீமையைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீருக்கு ஜனங்கள் அடித்துக்கொள்ளும் கதை. ஷூட்டிங்குக்குத் தயாராகும் நேரத்தில் பெய்தது பாருங்கள் மழை, பல வருடம் பார்க்காத மழை. பூமி முழுக்கப் பூ. உலகம் அழிந்த இடத்தில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூ அசைந்தால் யார் நம்புவார்கள்? வண்டிகளையெல்லாம் கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்காவில் நமீபியாவுக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள். 'இன்டர்ஸ்டெல்லர்' கதை இன்னும் மோசம். பூமியில் பயிரெல்லாம் பட்டுப்போய் மக்காச்சோளம் ஒன்றுதான் மிச்சம் என்று காட்டுவதற்காகக் கிறிஸ்டோபர் நோலன் கனடாவின் ஆல்பெர்ட்டாவில் 500 ஏக்கர் சோளம் விதைத்தார். அது அமோகமாக விளைந்தது. ஷூட்டிங் போக மிச்சத்தை விற்று லாபமே பார்த்தார்கள். பஞ்சத்தைக் காட்டப் போனவன் சம்சாரியாகித் திரும்புகிற அபாயம் இந்தத் தொழிலில் உண்டு.

'டுமாரோலேண்ட்' என்ன ஆயிற்று என்று மருமகன் கேட்டான். நம்பிக்கையைப் பற்றிய படம். உலகம் அழியப்போகிறது என்கிற கதைகளை நாம் மிட்டாய் மாதிரி சப்புகிறோம் என்று வில்லனே நம்மைத் திட்டுவார். 'ஃப்யூரி ரோட்' வந்த அடுத்த வாரம் அதை வெளியிட்டார்கள். பாலைவனத்துக்கு 6 ஆஸ்கர். டுமாரோலேண்டுக்குப் பெரிய நஷ்டம்.

"அப்ப நான் சொன்னது சரிதானே மாமா" என்றான். சரிதான்.

ஏன் அழிந்தது என்று சொல்லாதீர்கள்

கெட்ட எதிர்காலத்தின் ஆகப் பெரிய வசதி இது. "ஒரு நாள் எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று கிழவனின் குரலில் ஒரு வரி. பின்னணியில் காற்று. போதும். கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' நாவலில் கடைசிப் பக்கம் வரை உலகம் எதனால் சாம்பலானது என்று சொல்லவில்லை. அதற்குப் புலிட்சர் பரிசே கொடுத்தார்கள். ஆனால் நல்ல எதிர்காலம் என்று வாயெடுத்துப் பாருங்கள். ஒரு எபிசோடு முடிவதற்குள் ரசிகன் வக்கீல் ஆகிவிடுவான். குப்பையை யார் அள்ளுகிறார்கள்? சம்பளம் உண்டா? சாதி என்ன ஆயிற்று? சாக்கடைக்குள் இறங்குவது யார்? அத்தனைக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அழிப்பதற்கு ஒரு மத்தியானம் போதும். கட்டுவதற்கு நகராட்சிச் சட்டம் படிக்க வேண்டும்.

ஜீன் ராடன்பெரி பட்ட பாடு இதற்கு உதாரணம். 1966 செப்டம்பரில் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடரை ஆரம்பித்தார். கெடுபிடிப் போர் உச்சத்தில் இருந்த காலம், கறுப்பர்கள் ஓட்டுரிமைக்காக அடிவாங்கிய ஊர். அந்த நேரத்தில் கப்பலின் மேல்தளத்தில் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரியை உட்காரவைத்தார். பக்கத்தில் ஆசிய முகத்தோடு ஒருவர். இரண்டாவது சீசனில் ரஷ்யன் ஒருவனும் வந்து சேர்ந்தான். அந்தப் பெண் அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசனோடு விலகப் பார்த்தார். ஒரு விழாவில் அவரைச் சந்தித்த மார்ட்டின் லூதர் கிங், நான் உங்கள் ரசிகன், நீங்கள் போகக்கூடாது என்று தடுத்ததாக அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். தொடர் ஓடவில்லை. மூன்று சீசன், 79 எபிசோடு, இழுத்து மூடிவிட்டார்கள். கடைசிப் புது எபிசோடு 1969 ஜூன் 3-ஆம் தேதி ஒளிபரப்பானது. அடுத்த மாதம் மனிதன் நிலாவில் இறங்கினான். தொலைக்காட்சிக்காரர்களின் நேரங்காலம் எப்போதும் இப்படித்தான்.

பிறகு 1987-ல் அதன் அடுத்த தொடர் 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எடுக்கும்போது ராடன்பெரி ஒரு சட்டம் போட்டார். 24-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் திருந்தியிருப்பார்கள். ஆகவே கப்பலில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் பொறாமை, போட்டி, சில்லறைச் சண்டை போடக்கூடாது. கதாசிரியர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். மாமியார்-மருமகள் பேசிக்கொள்ளலாம், சண்டை கூடாது என்று மெகா சீரியல் எழுதுகிறவரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? சண்டையை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். எதிரியும் முழுக்கெட்டவனாக இருக்கக்கூடாது. அவன் பக்க நியாயம் என்ன, பாஷை என்ன, பசி என்ன என்று யோசித்தாக வேண்டும். புலம்பிக்கொண்டே எழுதினார்கள். அவர்கள் எழுதியதில் சில எபிசோடுகளை இன்றைக்கும் யாராலும் தாண்ட முடியவில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம், கையேட்டுக்குத் தேவையில்லாதது.

நம்பிக்கைக் கதையின் பின்விளைவுகள்

இதைத் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நிஷெல் நிக்கல்ஸ் தொடரோடு நிற்கவில்லை. 1977-ல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களையும் கறுப்பர்களையும் விண்வெளி வீரர் வேலைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். விண்ணப்பித்தார்கள், போனார்கள். நடித்தோமா, சம்பளம் வாங்கினோமா என்று இருக்க விடாது நம்பிக்கை.

இதைவிடப் பெரிய விபத்து நம்ம சென்னையில்தான் அச்சேறியது. கமலா சத்தியநாதன் இங்கிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' பத்திரிகையில் 1905-ல் ஒரு ஆங்கிலக் கதை வந்தது: 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் வங்காளத்து ரொக்கையா சகாவத் ஹுசைன். பள்ளிக்கூடம் போகாமல், அண்ணனிடம் ராத்திரியில் ஒளிந்து ஆங்கிலம் கற்றவர். கணவர் அரசாங்க அதிகாரி. அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில் பொழுது போகாமல் இதை எழுதினாராம். திரும்பி வந்தவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, சரியான பழிவாங்கல் என்றாராம்.

அந்தக் கதை நடக்கும் ஊரில் பெண்கள் வெளியே, ஆண்கள் வீட்டுக்குள். அடுப்பு சூரியச் சூட்டில் எரிகிறது. கரி கிடையாது, புகை கிடையாது. மேகத்திலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். வானத்தில் வண்டி பறக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் வேலை. ஆண்கள் ஏழு மணி நேரம் ஆபீஸ் பார்த்தது எப்படி என்று சுல்தானாவுக்குச் சந்தேகம் வர, கூட வரும் பெண் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்: ஒரு சுருட்டுக்கு அரை மணி, நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் புகையில் போயிற்று. அந்த ஊரில் கொசுக்கடியும் இல்லை. இன்றுவரை எந்த ஹாலிவுட் படமும் அந்த அளவுக்குத் துணிந்து கற்பனை செய்ததில்லை.

எழுதினாரா, முடிந்ததா? இல்லை. 1911-ல் கல்கத்தாவில் எட்டுச் சிறுமிகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். வீடு வீடாகப் போய், உங்கள் பெண்ணை அனுப்புங்கள் என்று கெஞ்சினார். அமெரிக்காவில் எட்வர்ட் பெல்லமிக்கும் இதே கதி. 2000-ஆம் வருடத்து பாஸ்டனைப் பற்றி 1888-ல் அவர் ஒரு நாவல் எழுதப்போக, படித்தவர்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டு வந்து நின்றார்கள். கெட்ட எதிர்காலம் எழுதினால் இந்தத் தொந்தரவு கிடையாது. பார்க்கிறவர் பெருமூச்சு விடுவார், "நாம எவ்வளவோ தேவலை" என்பார், பாப்கார்ன் டப்பாவை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவார்.

பெரும்பாலும் போவார். 'ஹங்கர் கேம்ஸ்' படத்தில் சர்வாதிகாரத்துக்கு எதிராக மூன்று விரல் தூக்குவார்கள் அல்லவா, அதை 2014-ல் தாய்லாந்துப் பிள்ளைகள் தங்கள் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தூக்கினார்கள். தூக்கியவர்களை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. 2021-ல் மியான்மரிலும் அதே மூன்று விரல். நம் தொடரில் அப்படிப் பழகிக்கொள்ள வசதியான சைகை எதுவும் வேண்டாம் என்று மருமகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கலகத்துக்கு விலைப்பட்டியல்

உங்கள் கதை கார்ப்பரேட்டுகளைக் கிழிகிழியென்று கிழிக்கட்டும். அதை வாங்கப் போவதும் ஒரு கார்ப்பரேட்தான், பயப்பட வேண்டாம். ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் '1984' நாவலை வெளியிட்டார். 1984 ஜனவரியில் அதன் பெயரால் ஆப்பிள் கம்பெனி ஒரு விளம்பரம் எடுத்தது. ஒரு பெண் ஓடி வந்து சர்வாதிகாரியின் திரைமேல் சுத்தியலை எறிவாள். இயக்கியவர் 'பிளேடு ரன்னர்' ரிட்லி ஸ்காட். நாம் அந்தக் கம்பெனியின் திரையை எத்தனை மணி நேரம் வெறித்துப் பார்த்தோம் என்று இன்றைக்கு அதுவே வாரா வாரம் கணக்குச் சொல்கிறது. 2009-ல் அமேசான், விற்ற உரிமையில் ஏதோ கோளாறு என்று, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரு புத்தகத்தை அவர்களுடைய கிண்டில் கருவியிலிருந்து சத்தமில்லாமல் அழித்தது. என்ன புத்தகம் என்கிறீர்கள்? அதே '1984'. கூடவே 'விலங்குப் பண்ணை'. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

ஆர்வெலின் 'பெரிய அண்ணன்' 1999-ல் நெதர்லாந்தில் டி.வி. நிகழ்ச்சியானார். 2017-ல் தமிழுக்கு வந்தார். ராத்திரி சாப்பாட்டோடு அவரைப் பார்க்கிறோம். யாரைத் துரத்தலாம் என்று ஓட்டும் போடுகிறோம். தென்கொரியாவின் 'ஸ்க்விட் கேம்' கடனாளிகள் 456 பேரைப் பணத்துக்காகச் சாகவிட்டு வேடிக்கை பார்க்கும் பணக்காரர்களைப் பற்றிய கதை. 2023-ல் நெட்ஃப்ளிக்ஸ் நிஜமாகவே 456 பேரைக் கூட்டி, அதே உடுப்பு மாட்டி, 45.6 லட்சம் டாலர் பரிசு வைத்துப் போட்டி நடத்தியது. யாரையும் கொல்லவில்லை. அதைத்தான் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, நல்ல எதிர்காலத்தைத் தமிழில் இன்றைக்கும் விடாமல் எழுதிவருகிறவர்கள் ஒரே ஒரு கூட்டம்தான்: அடுக்குமாடிக் குடியிருப்பு விற்கிறவர்கள். அவர்களுடைய வழவழ புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். புல்வெளி, நீலமான நீச்சல் குளம், நம் ஊரில் பிறந்த ஜாடையே இல்லாத ஒரு குடும்பம், ஒரு ஆட்டோகூட இல்லாத ரோடு, யாருக்கும் வேர்க்காத வெயில். கடைசிப் பக்கத்தில் மாதத் தவணை. குடியேறிய பிறகு அந்த நீச்சல் குளத்துக்கும் தண்ணீர் லாரிதான் வருகிறது.

கீழ்க்கண்டவர்களைக் கதையிலிருந்து நீக்கவும்

'பிளேடு ரன்னர்' நடப்பது 2019 நவம்பரில். அதில் லாஸ் ஏஞ்சலிஸில் விடாமல் மழை. நிஜமான 2019-ல் ஜூன் மாதம் நம் ஊரில் செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம், புழல் நாலும் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது ஜூலையில். பஞ்சத்துக்குத் தண்ணீர் ரயில்! எந்தக் கதாசிரியரும் அதற்கு மேல் யோசிக்க முடியாது. செட் போடத் தேவையில்லை, டி.ஐ.கூட வேண்டாம், வெயிலே அந்த மஞ்சளில்தான் இருந்தது. சூத்திரப்படி அப்போது நாங்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். லாரி விடியற்காலை நாலு மணிக்கும் வரும், ராத்திரி பதினொன்றுக்கும் வரும். வராமலும் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும்: பச்சை, ஆரஞ்சு, ஊதா, கழுத்தில் துணி கட்டியது, ஆணியால் பெயர் கீறியது. குடம் இல்லாதவர் செங்கல் வைப்பார். செங்கல்லும் இல்லாதவர் ஒற்றைச் செருப்பு. ஆட்கள் வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார்கள். ராத்திரி முழுக்க வெறும் குடமும் செங்கல்லும் செருப்பும் மனிதர்களுக்குப் பதிலாகத் தெருவிளக்கின் கீழ் நிற்கும். அந்தச் செருப்பை எவரும் நகர்த்தியதில்லை என்று சொல்ல மாட்டேன். நகர்த்தினார்கள். மறுநாள் காலையில் அதற்கு விழுந்த வசவை எழுத்தில் கொண்டுவர முடியாது. சென்சார் அனுமதித்தாலும் என் மனைவி அனுமதிக்க மாட்டாள். பிறகு செருப்பு பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

இதையெல்லாம் நடத்தியது தெருமுனையில் இஸ்திரி போடும் அக்கா. அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு, நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. லாரி ஓஸை அவர் கையில். மாடிவீட்டுக்காரர் ஒருவர் டிரைவரிடம் தனியாகப் பேசி டிரம் நிரப்பிக்கொள்ளப் பார்த்தார். அக்கா கத்தவில்லை. ஓஸை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "சார் நம்பர் இருபத்தேழு, இப்ப பன்னெண்டு போவுது" என்றார். இருபத்தேழு வருகிறவரை சார் லுங்கியோடு நின்றார். படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டி வீட்டுக்குக் குடத்தை எடுத்துப் போக, பள்ளிக்கூடப் பையன்கள் மூன்று பேருக்கு முறை போட்டிருந்தது அந்த நோட்டில்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லாருக்கு மாமா. ஆனா இதுல கான்ஃபிளிக்ட் கம்மி. அந்த அக்காவைக் கொன்னுட்டா?" என்றான்.

சரியான கேள்வி. அவனுக்கு எதிர்காலம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்களை முதல் எபிசோடிலேயே கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் நாயகனுக்கு வேலை இருக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்த மீனவர்கள், முன்பின் தெரியாதவர்களுக்கு அண்டா வைத்துச் சோறு வடித்த பள்ளிவாசல்கள், யார் வீட்டு மொட்டை மாடியில் யார் இருக்கிறார்கள் என்று ராத்திரியெல்லாம் போனில் பட்டியல் போட்ட காலேஜ் பிள்ளைகள்: எல்லோரையும் வெட்டிவிடுங்கள். கும்பல் என்றால் கும்பலாக இருக்க வேண்டும், தடியோடு ஓடிவர வேண்டும். வரிசை, நோட்டு, முறை, கூட்டம் போட்டுப் பேசுவது, இதெல்லாம் திரையில் எடுபடாது. கிம் ஸ்டான்லி ராபின்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 2020-ல் 'எதிர்காலத்துக்கான அமைச்சகம்' என்று எழுதினார். உத்தரப் பிரதேசத்தில் வெப்ப அலை அடித்து 2 கோடிப் பேர் சாகிறார்கள் என்று ஆரம்பம். அப்படியே ஓட்டியிருந்தால் பத்து சீசன் நிச்சயம். மனிதர் அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குக் கமிட்டி, ரிசர்வ் வங்கி, பனிப்பாறைக்கு அடியில் பம்பு என்று போய், உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிவிடுகிறார். எந்தத் தயாரிப்பாளரிடம் போய் ரிசர்வ் வங்கியை ஒன் லைனாகச் சொல்வது?

கட்டாயமாக நம்பிக்கை வேண்டுமென்றால்

மேலிடத்திலிருந்து கேட்பார்கள். கடைசி எபிசோடு பார்த்துவிட்டு, "ரொம்ப ஹெவியா இருக்கு, கொஞ்சம் பாசிட்டிவா முடிக்கலாமா?" என்பார்கள். பதற வேண்டாம். ஒரு துளிர் போதும். வெடித்த மண், அதில் இரண்டு இலை, சின்னக் கை ஒன்று தொடப் போகிறது, கட். 'வால்-ஈ' படத்தில் ஒரு பழைய பூட்ஸுக்குள் முளைத்த செடியை வைத்து 700 வருடக் குப்பையை ஈடுகட்டியிருக்கிறார்கள்.

இதில் மிகச் சிக்கனமானவர்கள் 'பிளேடு ரன்னர்' தயாரிப்பாளர்கள்தான். முன்னோட்டம் பார்த்தவர்களுக்குப் படம் பிடிபடவில்லை, இருட்டாக முடிகிறது என்றார்கள். நாயகனும் நாயகியும் பச்சை மலைக்கு நடுவே காரில் போகிற மாதிரி ஒன்று வேண்டும். மலைக்காட்சி கைவசம் இல்லை. ரிட்லி ஸ்காட் குப்ரிக்குக்கு போன் போட்டார். குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக ஹெலிகாப்டரில் எடுத்து மிச்சம் வைத்திருந்த மலைக்காட்சிகளைக் கொடுத்தார். பேய் பிடித்த ஓட்டலுக்கு ஒரு குடும்பம் காரில் போகும்போது வரும் காட்சிகளின் மிச்சம் அது. அதை ஒட்டி, மேலே கொஞ்சம் குரல் பேசவைத்து, நம்பிக்கை என்று காட்டிவிட்டார்கள். 1992-ல் இயக்குநர் தன் வடிவத்தை வெளியிட்டபோது முதல் வேலையாக அந்த மலையை வெட்டி எறிந்தார்.

மருமகன் குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டான். துளிர் என்பதற்கு அடியில் இரண்டு கோடு போட்டான். கூடத்தில் பேத்தி டோரேமான் பார்த்துக்கொண்டிருந்தாள். 2112 செப்டம்பர் 3-ஆம் தேதி பிறக்கப்போகிற நீலப் பூனை. காதை எலி தின்றுவிட்டது. எள்ளுத்தாத்தா வைத்துவிட்டுப் போன கடனை அடைக்க முடியாத ஒரு பையன், தாத்தாவைத் திருத்திவிட்டு வா என்று அதைப் பின்னால் அனுப்பிவைக்கிறான். மருமகன் கொஞ்ச நேரம் நின்று அதையே பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்தான். 2947-ஐ அழித்துவிட்டு எதையோ அடித்தான், எனக்குத் தெரியவில்லை.

"மாமா, அந்த அக்கா ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் கொடுத்தாங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஐந்தோ, மூன்றோ. சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"நாலு. கைக்குழந்தை இருந்தா ஆறு."